அப்பா கேன்டீன் பலகையில் ஒட்டாத இடம்

போன வாரம் நம் பள்ளிக் குழுவில் ஒருத்தி ஒரு பட்டியல் போட்டிருந்தாள். ஓசூரைச் சுற்றி அதிகம் பேர் போகாத பத்து இடங்கள், மழை முடிந்து போனால் அருமையாக இருக்குமாம். அதில் ஏழாவதாக ஒரு நடுகல். படத்தில் கல்லைச் சுற்றிக் கம்பி வேலி, கல்லுக்கு மஞ்சள் துணி, பக்கத்தில் கூலிங்கிளாஸ் போட்ட இரண்டு பேர் சிரிக்கிறார்கள். அதன் கீழே இன்னொருத்தன், "இது இவங்கப்பாவ அடிச்ச எடம்தானே? இவ கத்துனதாலதானே அவரு பொழச்சாரு" என்று என் பெயரைக் கோத்துவிட்டான். உடனே வரிசையாகக் கைதட்டல்கள், பூங்கொத்துகள். ஒருத்தி "வீரமங்கை" என்று எழுதினாள். நாற்பதை நெருங்குகிறேன், தலையில் பாதி நரை, மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்தப் பட்டம் வந்து சேர்ந்தது.

நான் பதில் போடவில்லை. லைன் வீடுகளில் என்னோடு வளர்ந்த நீங்கள் எல்லோரும் அந்தக் கதையைத் தப்பாகத் தெரிந்துவைத்திருக்கிறீர்கள். நான் பொய் சொன்னேன் என்று சொல்ல முடியாது. நீங்கள் சொன்னதை மறுக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். அதுவும் பொய்தான் என்று புரிய எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

நாம் ஆறாம் வகுப்பில் இருந்த வருடம் அது. இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். அப்பா தொழிற்பேட்டையில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். தகடு போட்டு, மிதியை அழுத்தினால் மேலிருந்து அச்சு இறங்கும். நாம் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அப்படி இறங்கிய ஒரு அச்சு அவருடைய வலது கையின் இரண்டு விரல்களை முதல் கணுவோடு எடுத்துக்கொண்டது. நம் வரிசையில் விரல் போன அப்பாக்கள் மூன்று பேர் இருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? யார் அப்பாவுக்கு எத்தனை என்று நாம் எண்ணிப் பெருமையடித்துக்கொள்வோம். குழந்தைகளைப் போல இரக்கமில்லாத ஜென்மம் கிடையாது.

அப்பாவுக்குச் சொந்த ஊர் தாமிரபரணிக் கரை. ஓசூரில் பல வருடம் இருந்தும் அவருக்கு இந்த ஊர் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தெற்கத்தி ஆட்கள் எல்லோரும் வாடகை வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள், இல்லையென்றால் குடிப்பார்கள். அப்பா இரண்டும் செய்யவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு, யாரும் போகாத மலை, இடிந்த கோட்டை, புதருக்குள் கிடக்கும் கல் என்று தேடிப் போனார். போன இடத்தைப் பற்றி ஒரு தாளில் எழுதி, வழிக்குப் படம் வரைந்து, கம்பெனி கேன்டீன் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: "லீவு நாளில் போகலாம்." எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், எங்கே டீ கிடைக்கும், எங்கே தேனீ கொட்டும், எல்லாம் இருக்கும். ஒரு தாளில், "இங்கு கழிப்பறை கிடையாது, பாறைகள் உண்டு" என்று எழுதியிருந்தார். கேன்டீனே சிரித்ததாம்.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "லீவு நாள்ல மனுசன் வீட்டுல கெடப்பானா? கல்லப் பாக்கப் போறாராம் கல்ல. நம்ம வீட்டு அம்மிக்கல்ல ஒரு நாள் பாத்துருக்காரா?" என்பாள்.

என்னை ஏன் கூட்டிப்போனார் என்றால், அவருக்கு என் கை வேண்டியிருந்தது. அறுபட்ட விரல்களால் மெதுவாக எழுதிவிடுவார், ஆனால் கல்லைப் பார்த்து நின்றபடி நுணுக்கமாக வரையப் பென்சில் கையில் நிற்காது. கல்லில் இருக்கும் எழுத்தை அவர் விரலால் தடவித் தடவிக் காட்டுவார், நான் தாளில் வரைவேன். நூலகத்தில் கிடைத்த ஏதோ புத்தகத்திலிருந்து வட்டெழுத்து அட்டவணை ஒன்றைப் பெயர்த்து எழுதி வைத்திருந்தார். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அட்டவணையையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "ஏட்டி, இது ப. இது ட. பட்டான்னு போட்டுருக்கான்" என்று குதிப்பார். பட்டான் என்றால் செத்தான் என்று அர்த்தம். அந்தக் கற்களில் எழுதியிருப்பது எல்லாமே யாரோ வெட்டுப்பட்டுச் செத்த கதைதான்.

அந்தத் தை முதல் பங்குனி வரை நான் பார்த்ததெல்லாம் சாவுதான் என்று இப்போது தோன்றுகிறது. பேரிகைக்குப் போகும் வழியில் ஒரு கல்லில், ஒருவன் இடது கையால் தன் குடுமியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் தன் கழுத்தையே அறுத்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. சாமிக்குத் தலையைக் கொடுக்கிறான் என்றார் அப்பா. அடுத்த நாளே அதை நான் லைனில் வந்து சொல்லி, நாம் எல்லோரும் ஸ்கேலை வைத்துக் கழுத்தறுக்கும் விளையாட்டு விளையாடினோம். உங்களில் ஒருத்தனுக்கு நிஜமாகவே கீறி ரத்தம் வந்து, அவன் அம்மா என்னை விளக்குமாற்றால் துரத்தினாள்.

இன்னொரு மலையில் வரிசையாகப் பாண்டவர் வீடுகள், அதாவது ஆதிகாலத்துச் சமாதிகள். நான்கு பலகைக் கல்லை நிறுத்தி மேலே ஒன்றை மூடி, முன்னால் வட்டமாக ஒரு ஓட்டை. உள்ளே தவழ்ந்து போனால் வெள்ளைக் கோட்டில் ஆளும் குதிரையும் வரைந்திருக்கும். வெளியே கொதிக்கிற வெயிலில் உள்ளே கல் சில்லென்று இருந்தது. பத்து நாள் கழித்து மறுபடி போனபோது, அதில் இரண்டு வீடுகள் சுக்குநூறாகக் கிடந்தன. கீழே கல் உடைக்கிறவர்கள் வைத்த வெடி. நாங்கள் நிற்கும்போதே சங்கு ஊதி அடுத்த வெடி வைத்தார்கள். வயிற்றுக்குள் இடித்தது. உள்ளங்கை அளவு சில்லு ஒன்று என் காதை உரசிப் போய்ப் பின்னால் இருந்த மரத்தில் விழுந்தது. அப்பா என்னைக் கீழே தள்ளி மேலே படுத்துக்கொண்டார். எழுந்ததும் சில்லைப் பார்க்கவில்லை, உடைந்த வீட்டைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் ஏசினார்.

சூளகிரிப் பக்கம் ஒரு ஊரில் எருது விடும் விழா. கொம்பில் அலங்காரத் தட்டி கட்டிய எருது சந்துக்குள் பாய்ந்து வந்தது. ஓர் ஆளைத் தொடையில் குத்தித் தூக்கி, துணி உதறுவதுபோல உதறிப் போட்டது. நான்கு பேர் அவனைத் துண்டில் போட்டுத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டி ஓடினார்கள். துண்டிலிருந்து சொட்டுச் சொட்டாக என் செருப்பில் விழுந்தது. எனக்குப் பயமே இல்லை, இன்னொரு எருது வராதா என்று பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், அடுத்தவன் ரத்தம் எனக்குப் பிடித்திருந்தது. என் தோலுக்கு ஒன்றும் வராதவரை நான் பெரிய தைரியசாலி.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், அங்கே இப்போது இருக்கிறவர்கள் வேறு ஆட்கள். அஞ்செட்டிப் பக்கம், நாட்றாம்பாளையம் போகிற காட்டை ஒட்டிய கிராமம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல்லை அப்பா முன்பே ஒரு தடவை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நல்ல உயரமான கல். வில் பிடித்த ஒருவன், மார்பில் மூன்று அம்பு, காலடியில் ஒரு நாய். எழுத்து ஐந்து வரி. ஆனால் கடைசி வரி மண்ணுக்குள் புதைந்திருந்தது. அதில்தான் செத்தவனின் பெயர் இருக்கும் என்பது அப்பாவின் கணக்கு.

"பேரு தெரியாம எப்படிட்டி பலகையில ஒட்டுறது? அவன் ஊருக்காவச் செத்தான். அவன் பேரு மண்ணுக்குள்ள கெடக்கு" என்றார்.

நீங்கள் எல்லோரும் அன்று வேன் பிடித்துக் கெலவரப்பள்ளி அணைக்குப் போனீர்கள். நானும் வருகிறேன் என்று அழுதேன். "அடுத்த வாரம் நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி என்னை மொபெட்டில் ஏற்றிவிட்டார். வழி முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவர் முதுகைப் பிடிக்காமல் சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன். அது நான் கோபத்தைக் காட்டும் வழி.

எங்கள் பையில் இருந்தவை இவை. அம்மாவின் கோலமாவு ஒரு பொட்டலம், ஏனென்றால் கல்லில் மாவைத் தேய்த்துத் துடைத்தால் எழுத்துப் பள்ளங்களில் வெள்ளை நின்று தெளிவாகத் தெரியும். பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் வாங்கிய சின்னக் கரண்டி, அடி மண்ணைத் தோண்ட. அப்பா வரைந்த வழிப்படம், அதில் கல் இருக்கும் இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. எலுமிச்சம்பழம் நான்கு, ஏனென்றால் எனக்கு மலைப்பாதை வளைவில் வாந்தி வரும், முகர்ந்துகொண்டே போக வேண்டும். நான் போட்டிருந்தது பொங்கலுக்கு எடுத்த சிவப்புப் பாவாடை. தலையில் அம்மா வைத்துவிட்ட கனகாம்பரம். வளர்ந்தவர்கள் யாராவது இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தால் வீட்டிலிருந்தே கிளம்பவிட்டிருக்க மாட்டார்கள்.

நாங்கள் போவதற்கு இரண்டு வாரம் முன்பு, அதே ஊரில் வேறு ஒரு கல்லை யாரோ வெளியூர்க்காரர்கள் பெயர்த்துப் போட்டுவிட்டு அடியில் குழி தோண்டியிருந்தார்கள். புதையல். குழிக்குள் அறுத்த கோழித் தலை கிடந்ததாம். அடுத்த தடவை கோழி போதாது, குழந்தையைக் கொண்டு வருவார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. இது எங்களுக்குத் தெரியாது. அந்த ஊருக்கு நாங்கள் தேடிப் போன கல் வேடியப்பன், வருடம் ஒருமுறை கிடா வெட்டும் சாமி. அப்பாவுக்கு அது தொலைந்துபோன ஒருவனின் பெயர்.

பங்குனி வெயில். புளி உலுக்கும் காலம், தூரத்தில் மரங்களில் கோலால் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா கல்லில் கோலமாவைப் பூசினார். பிறகு முட்டி போட்டு அடி மண்ணைக் கரண்டியால் தோண்டினார். நான் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் உருட்டியபடி கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, அணைக்கட்டில் நீங்கள் எல்லோரும் இந்நேரம் என்ன செய்வீர்கள் என்று பொருமிக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்து வெளியே வந்தது. "க" என்றார் அப்பா. "கட்டாயம் கதான்ட்டி, வரை."

அப்போதுதான் புளி உலுக்கும் சத்தம் நின்றுபோயிருந்ததைக் கவனித்தேன்.

பதினைந்து பேர் இருக்கலாம். எல்லோர் கையிலும் புளி உலுக்கும் மூங்கில் கோல். தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் முன்னால் வந்தார், தலையில் சிவப்புத் துண்டு கட்டியிருந்தார்.

"எவுர்ரா நுவ்வு?" என்று தெலுங்கில் அதட்டினார். அப்பா விழித்தார். உடனே குத்தகைக்காரர் தமிழில், "யார்ரா நீ? என்னாத்தடா நோண்டற?"

"அண்ணாச்சி, நான் கம்பெனில வேல பாக்கேன். எழுத்துப் படிக்க வந்தேன்" என்று அப்பா எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

அதுதான் வினையாகிவிட்டது. கும்பிட்ட கையில் இரண்டு விரல் இல்லை என்று எல்லோரும் பார்த்தார்கள். அந்தப் பக்கத்தில் முன்னொரு காலத்தில் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மார்கள் விரல் நுனியை வெட்டிச் சாமிக்குக் கொடுப்பார்களாம். அந்த வழக்கம் போய் வெகுகாலம் ஆகியிருந்தாலும் பேச்சு போகவில்லை. கூட்டத்தில் ஒருவன், "வெரல பாருடா. இவன் பலி குடுக்கறவன்டா" என்று கத்தினான். பையைக் கொட்டினார்கள். எலுமிச்சம்பழம் உருண்டது. சிவப்புக் குறி போட்ட படத்தை ஒருவன் தூக்கிக் காட்டினான். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், என் பாவாடையையும் பூவையும்.

முதல் அடி அப்பாவின் தோளில் விழுந்தது. மூங்கில் சதையில் விழும் சத்தம் மரத்தில் விழுகிற சத்தத்தைப் போல இருக்காது, ஈரமாக இருக்கும். இரண்டாவது காதில். காதிலிருந்து ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது. அவர் கீழே விழாமல் கல்லைப் பிடித்துக்கொண்டார், கோலமாவில் ரத்தக்கை பதிந்தது. "சாமி மேல கை வெக்கறான்" என்று இன்னும் நான்கு கோல்கள் இறங்கின.

"எம்மவய்யா! எம் மவதான்! அவகிட்டயே கேட்டுப் பாருங்கய்யா!" என்று அப்பா கத்தினார்.

குத்தகைக்காரர் கையைத் தூக்கினார். அடி நின்றது. அவர் வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் உடம்பில் புளி வாடையும் வியர்வையும் அடித்தன. அன்பாகத்தான் கேட்டார், அதை நான் சொல்லியாக வேண்டும்.

"பயப்படாத பாப்பா. உன்ன ஒருத்தனும் தொட மாட்டான். நெஜத்த சொல்லு. இவன் உங்கப்பனா?"

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு கண் மூடிப்போயிருந்தது. நான் கோல்களைப் பார்த்தேன். ஆமாம் என்று சொன்னால் அந்தக் கோல்கள் அடுத்து என் மேல் விழும் என்று நினைத்தேன். அடிபடுகிறவனின் ஆளாக இருக்க எனக்கு விருப்பமில்லை. அணைக்குக் கூட்டிப்போகாத கோபமும் ஒரு மூலையில் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

"இல்ல" என்றேன்.

"நல்லா பாத்து சொல்லு. உனக்கு யாரு இவன்?"

"தெரியாது."

அதற்குப் பிறகு நடந்தது முன்னால் நடந்ததைப் போல இல்லை. அதுவரை அவர்கள் ஒரு திருடனை அடித்தார்கள். இப்போது பிள்ளை பிடிக்கிறவனை அடித்தார்கள். அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, இன்னொரு தடவை கேளுங்கள் என்று சொல்லவில்லை. இருவர் காலைப் பிடித்து இழுத்துத் தோண்டிய குழியின் மேல் நீட்ட, ஒருவன் பாறாங்கல்லைத் தூக்கி முட்டியில் போட்டான். முட்டி நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டும் வாய் திறக்கவில்லை. யாரோ அவர் தலைக்கு நேராகக் கோலை ஓங்கியபோதுதான், நானே அறியாமல், "அப்பா!" என்று கத்தினேன். ஒரு தடவை கத்தியதும் நிறுத்த முடியவில்லை.

புளி தட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அப்பாவின் மேல் விழுந்து மறைத்தாள். "அப்பான்னு கத்துதேடா கொழந்த! கேக்கலயா? காது செத்துப் போச்சா உங்களுக்கு?" என்று அலறினாள். ஓங்கிய கோல்கள் தாழ்ந்தன. குத்தகைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் அப்போது இருந்தது கோபமில்லை. என்னைக் கண்டு பயந்தார் என்று நினைக்கிறேன்.

அவர்கள்தான் புளி மூட்டை ஏற்றியிருந்த டெம்போவில் அப்பாவைத் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். மூட்டைகளின் மேல் அப்பா. ரத்தமும் புளியும் கலந்த வாடை. இன்றைக்கும் புளி கரைக்க நான் உட்காருவதில்லை, வீட்டில் அதை என் கணவர்தான் செய்வார்.

மூன்றாம் நாள் போலீஸ்காரர் ஒருவர் வார்டுக்கு வந்தார். அம்மா கட்டில் தலைமாட்டில், நான் கால்மாட்டில். குத்தகைக்காரரும் வந்திருந்தார், அடித்தவர்களை அவரே காட்டிக்கொடுக்கத் தயாராக நின்றார்.

"பக்கத்துல பொண்ணு இருந்துருக்கே. அதுகிட்ட அவனுங்க எதுவும் கேக்கலயா?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

குத்தகைக்காரர் வாயைத் திறந்தார். அப்பா முந்திக்கொண்டார். உதடு கிழிந்து தையல் போட்டிருந்தது, ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. "அவள ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல சார். தூரமா நிறுத்தி வச்சிருந்தாவ. அவ கத்துனதுனாலதான் நான் பொழச்சேன்." பிறகு குத்தகைக்காரரைப் பார்த்து, "அப்படித்தானே அண்ணாச்சி?" என்றார். அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அப்பா புகார் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேஸ் என்று வந்தால் என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்பார்கள், அம்மாவுக்கு முன்னால் கேட்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தலைமையாசிரியை பிரேயரில் என்னை மேடையேற்றினார். லைனில் எல்லா வீட்டிலும் எனக்குப் பாயசம். அப்பா இனி பிரஸ்ஸில் நிற்க முடியாது என்று கேட்டில் உட்காரவைத்தார்கள், லாரி நம்பர் எழுதினார். கேன்டீன் பலகையில் அந்தக் கல்லைப் பற்றி எதுவும் ஒட்டவில்லை, வேறு எதையும் ஒட்டவில்லை. காலை இழுத்து இழுத்து நடந்து வீட்டுக்கு வருவார். அம்மா கதவைத் திறக்கும்போதே ஆரம்பிப்பாள். "காலை ஒடிச்சவன்மேல ஒரு கேஸ் குடுக்கத் துப்பில்லாத மனுசன். சின்னப்புள்ளைக்கு இருந்த தைரியம் உங்களுக்கு இல்லையே." அக்கம்பக்கத்துக்கும் கேட்கும்படித்தான் சொல்வாள். அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கை கழுவப் போவார். சண்டை வரும் ஒவ்வொரு நாளும் அந்தப் பேச்சு வந்தது. நான் பாடப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

என் கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்து மாடியில் அவர் தனியாக நின்றார். "அப்பா, அன்னைக்கு நான்" என்று தொடங்கினேன். "அன்னைக்கு என்ன வெயிலுட்டி" என்றார். "ஒனக்குத் தொப்பி ஒண்ணு எடுத்துட்டு வந்துருக்கணும், எம் புத்தி கெட்டுப் போச்சு." அதற்கு மேல் என்னைப் பேசவிடவில்லை. மூன்று வருடம் முன்பு இறந்தார்.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். நேற்று மத்தியானம் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே என் பையனிடம், "உங்க தாத்தா நல்ல மனுசன்தான், ஆனா பயந்தாங்கொள்ளி. உங்கம்மா அப்படியில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பையனை வெளியே அனுப்பினேன். கீழே உட்கார்ந்து, அவர்கள் என்னைக் கேட்டார்கள் என்றும் நான் என்ன சொன்னேன் என்றும் அம்மாவிடம் சொன்னேன். அவள் உரித்த வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு காதுல விழுந்துச்சா, நீ சொன்னது?"

"என்னையேதாம்மா பாத்துட்டு இருந்தாரு."

அம்மா தரையில் கை ஊன்றி எழுந்து வந்து என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். எழுபது வயதுக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "எத்தன வருசம் அந்த மனுசன ஏசிருக்கேன். ஒரு நாளு வாயத் தொறந்தாராட்டி? ஒரு நாளு?" என்றாள். அவள் இன்னொரு தடவை கையை ஓங்கினாள், நான் முகத்தைத் திருப்பவில்லை.